பகடையும் பாதாளமும் – 14: அட்டையில் உள்ள எண்ணை எழுதுவது யார்?

சென்ற இதழில் டி.எஸ்.ஆர். நிறுவனம் பிறந்த கதையைப் பார்த்தோம். 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, மர நிறப் பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. முதல் அச்சு 1000 பெட்டிகள். விலை 10 டாலர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் பெயர் ஆசிரியர்களாக இருந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, இக்கட்டான இடங்களில் பகடை உருட்டி முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆட்டம் அந்தப் பெட்டியிலிருந்து உலகுக்கு வந்தது.

50 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், அதே ஆட்டத்தின் விதிநூல் புதிதாக எழுதப்பட்டுக் கடைக்கு வந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: இது எத்தனையாவது பதிப்பு? வெளியிட்ட நிறுவனம் புது எண் எதையும் சொல்லவில்லை. ஆட்டக்காரர்களோ தாங்களாகவே ‘5.5’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அற்பமான வாக்குவாதமாகத் தோன்றலாம். உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. இந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தை மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ப்பவர்கள் உண்டு. ஒரு மாலையில் முடிகிற ஆட்டம் இல்லை இது. சேர்த்து வைத்த விதிநூல்கள், சாகச ஏடுகள், கைப்பட எழுதிய குறிப்புகள் என்று அலமாரி நிறைந்துவிடும். புதுப் பதிப்பு வந்தால் அந்த அலமாரிக்கு என்ன ஆகும், அந்தப் பாத்திரம் பிழைக்குமா என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. ஆகவே இந்த வாரம், பதிப்பு எண் எப்படி, எதற்காக, யாரால் இடப்பட்டது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

எண் இல்லாமல் வந்த மாற்றம்

1974 பெட்டியில் எல்லா ஆயுதமும் ஒன்றுதான். கத்தியால் குத்தினாலும் பெரிய வாளால் வெட்டினாலும் ஒரே ஓர் ஆறுமுகப் பகடைதான் காயத்தைச் சொல்லும். திருடன் என்ற பாத்திர வகை கிடையாது. சண்டைக்கு, கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு நூலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இருபதுமுகப் பகடையை உருட்டும் முறை அதற்கு ஒரு மாற்று வழியாகத்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

மறு ஆண்டே, 1975இல், ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் வந்தது. திருடன் வந்தான். பாலடின் என்ற புனித வீரன் வந்தான். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனிக் காயக் கணக்கு வந்தது. எந்த வகைப் பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பது மாறியது. மந்திரவாதியின் மந்திரங்கள் ஆறாம் படியோடு நின்றிருந்தவை ஒன்பதாம் படி வரை ஏறின. இன்று உலகம் முழுவதும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று சொன்னால் மனதில் எழுகிற ஆட்டத்தின் உருவம் பெரும்பாலும் இந்தத் துணைநூலில் உருவானதுதான். ஆனால் அதன் அட்டையில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று யாரும் அச்சிடவில்லை. பழைய பெட்டியை வைத்திருந்தவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவ்வளவுதான்.

பெரிய மாற்றம் வந்தால் புதிய எண் வரும் என்ற நம் எண்ணத்தை இந்த முதல் உதாரணமே உடைத்துவிடுகிறது. அப்படியானால் எண் எப்போது வந்தது? பணம் பேசத் தொடங்கியபோது.

நீதிமன்றம் ஏறிய ஆட்டம்

1977இல் ஆட்டம் இரண்டாகக் கிளைத்தது. ஒரு பக்கம், புதியவர்களுக்காக எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொகுத்துக்கொடுத்த அடிப்படைப் பெட்டி. மறுபக்கம், ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் கெட்டி அட்டைப் புத்தகங்கள்: 1977இல் மான்ஸ்டர் மேனுவல், 1978இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 1979இல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. இந்த மூன்றிலும் ஆசிரியர் கைகாக்ஸ் மட்டுமே. ஆர்னசன் அதற்குள் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார்.

1979இல் கைகாக்ஸ் ‘தி டிராகன்’ இதழில், அட்வான்ஸ்டு என்பது பழையதன் நீட்சி அல்ல, தனி ஆட்டம் என்று அழுத்தமாக எழுதினார். அதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். மாநாடுகளில் போட்டி நடத்த ஒரே சீரான விதி வேண்டியிருந்தது. ஆனால் இன்னொரு விளைவும் அதில் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விற்றால் ஆர்னசனுக்கு ராயல்டி உண்டு. தனி ஆட்டம் என்றால்?

அதே 1979இல் ஆர்னசன் வழக்குப் போட்டார். 1981இல் சமரசம் ஆயிற்று. அட்வான்ஸ்டு நூல்களிலும் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. அத்துடன் முடியவில்லை. 1983இல் ‘மான்ஸ்டர் மேனுவல் 2’ வந்தபோது தகராறு மறுபடி கிளம்பியது. இது முற்றிலும் புதிய நூலா, பழைய மான்ஸ்டர் மேனுவலின் திருத்திய வடிவமா? புதிய நூல் என்றால் ஆர்னசனுக்குக் காசு இல்லை. 1985இல் மினசோட்டாவின் ஃபெடரல் நீதிமன்றம், சமரச ஒப்பந்தத்தின்படி இது திருத்திய வடிவம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. பூதங்களின் பட்டியல் ஒன்று புதியதா பழையதா என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இத்தனை சச்சரவு நடந்த காலத்தில் மேசைகளில் என்ன நடந்தது? அடிப்படைப் பெட்டியோடு ‘கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற சாகச ஏடு வந்தது. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இரு சரிவுகளிலும் கோபால்டுகள், கோப்ளின்கள், ஓர்க்குகள் வாழும் குகைகள். அதை எழுதியவரும் கைகாக்ஸ்தான். அடிப்படை ஆட்டத்துக்கு எழுதிய அந்த ஏட்டை அட்வான்ஸ்டு விதிகளோடு ஆடியவர்கள் ஏராளம். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரே தனி ஆட்டம் என்று சொன்னபோதும், ஆடியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இந்தக் குகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு பதிப்பையும் அங்கேதான் சோதிக்கப்போகிறோம்.

எண் மாறியது, ஆட்டம் மாறவில்லை

‘இரண்டாம் பதிப்பு’ என்ற எழுத்து முதன்முதலாக அட்டையில் ஏறியது 1989இல். 1985இலேயே நிறுவனத்தின் பிடி கைகாக்ஸின் கையை விட்டுப் போயிருந்தது. டேவிட் குக் தலைமையில் ஒரு குழு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. எந்தெந்தப் பாத்திர வகைகளை நீக்கலாம் என்று குக் 1987இல் டிராகன் இதழில் வாசகர்களிடமே கேட்டார். கடைசியில் கொலையாளியும் துறவி வீரனும் நீங்கினார்கள். பேய்களும் பிசாசுகளும்கூட வெளியேறின. பின்னர் 1991இல் வேறு பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. இந்த ஆட்டம் சாத்தான் வழிபாட்டுக்கு இழுத்துச் செல்கிறது என்று அமெரிக்கப் பெற்றோரில் ஒரு பகுதியினர் 80களில் கிளப்பிய பீதிதான் அவை வெளியேறியதற்குக் காரணம்.

ஆனால் கணக்கு அப்படியே இருந்தது. அப்போதைய முறையில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். இது புதியவர்களைக் குழப்பும் என்று குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாற்ற ஆசைப்பட்டவை நிறைய இருந்தன, ஆனால் ஏற்கெனவே அச்சில் உள்ள நூல்கள் புதிய பதிப்போடு பெரும்பாலும் பொருந்த வேண்டும் என்ற கட்டளை தங்களுக்கு இருந்தது என்று குழுவில் ஒருவரான ஸ்டீவ் விண்டர் பின்னாளில் விளக்கியிருக்கிறார். கடைகளிலும் வீடுகளிலும் இருந்த அலமாரிகளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

1989இன் புதிய நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு பழைய குகைகளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? கோபால்டின் கவச எண் அதே 7. தாங்கும் அடி அதே நான்குமுகப் பகடை அளவு, அதாவது ஒன்றிலிருந்து நான்கு. ஒரு வெட்டு விழுந்தால் பெரும்பாலும் சாவுதான். எதையும் திருத்தாமல் அன்று இரவே ஆடலாம்.

1995இல் இதே நூல்கள் கருப்பு அட்டையுடன், புதிய வடிவமைப்பில் மறுபடி வந்தன. இது மூன்றாம் பதிப்பு அல்ல என்று முன்னுரையிலேயே தெளிவாக எழுதினார்கள். அலமாரி வீணாகுமோ என்று வாசகர் பதறுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2000: உண்மையான திருப்பம்

டி.எஸ்.ஆர். கடனில் மூழ்கியது. 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2000 ஆகஸ்டில் மூன்றாம் பதிப்பு வந்தது. ஜொனாதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்தது. ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழி போயிற்று.

இந்தப் பதிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் முதலில் சொல்வது, கவச எண் தலைகீழானதைத்தான். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பழைய முறையில் ஒவ்வொரு வீரனுக்கும் ‘தாக்கோ’ என்று ஓர் எண் உண்டு. தாக்கோ 18 உள்ள வீரன், கவச எண் 5 உள்ள எதிரியை அடிக்க வேண்டும். 18இலிருந்து 5 போனால் 13. இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். புதிய முறையில் அதே எதிரியின் கவச எண் 15. அதே வீரனுக்குத் தாக்குதலில் கூடுதல் 2. 15இலிருந்து 2 போனால் 13. விழ வேண்டிய எண் ஒன்றேதான். மேசையில் கணக்குப் போடுவது எளிதாயிற்று, வெற்றி தோல்வி வாய்ப்பு நூலளவும் மாறவில்லை.

உண்மையில் மாறியவை வேறு. எந்த இனத்தவரும் எந்த வகைப் பாத்திரமும் ஆகலாம். எல்ஃபும் குள்ளரும் இந்த நிலைக்கு மேல் உயர முடியாது என்ற தடை நீங்கியது. பாத்திரங்களுக்குத் தனித் திறமைகளைத் தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. சண்டை என்றாலும் சுவர் ஏறுவதென்றாலும் பொய் சொல்லித் தப்புவதென்றாலும் இருபதுமுகப் பகடையை உருட்டிக் கூட்டு என்ற ஒரே நெறி ஆட்டம் முழுவதற்கும் வந்தது. பழைய பாத்திரத்தைப் புதிய விதிக்குக் கொண்டுவர உதவும் சிறு கையேடு ஒன்றையும் நிறுவனமே கொடுத்தது. மாற்றிக்கொள்ளக் கையேடு தேவைப்பட்டது என்பதே, இது புதிய பதிப்பு என்பதற்குச் சரியான சாட்சி. பழைய குகைகளுக்குள் போகலாம். ஆனால் போவதற்கு முன் பென்சிலை எடுத்து உட்கார வேண்டும்.

மூன்றே ஆண்டில், 2003 ஜூலையில், ‘3.5’ வந்தது. எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைக்கும் வழக்கம் அப்போதுதான் அட்டைக்கு வந்தது. திருத்தங்கள் பல, ஆனால் ஆட்டம் அதே.

கோபால்டின் 27 அடிகள்

2008 ஜூனில் நான்காம் பதிப்பு. இங்கேதான் கோபால்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 30 ஆண்டுகளாக அது ஒரு வெட்டில் விழும் சின்ன உயிர். 2000, 2003 நூல்களிலும் சராசரியாக 2 அல்லது 4 அடிதான் தாங்கும். நான்காம் பதிப்பில் முதல் நிலைக் கோபால்டு வீரன் ஒன்று 27 அடி தாங்கும். நல்ல வாள்வீரன் நாலைந்து முறை வெட்டினால்தான் அது சாயும். அதற்கு எதிர்முனையில், ஒரே வெட்டில் விழும் ‘மினியன்’ வகைக் கோபால்டும் உண்டு. சண்டை என்பது கட்டம் போட்ட பலகையில் இடம் பார்த்து நகரும் நீண்ட வியூகமாக மாறியது. வீரன், மந்திரவாதி என்ற வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் எப்போதும் பயன்படுத்தும் ஆற்றல், சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்று ஒரே அமைப்பு வந்தது.

அது திறமையாக வடிவமைத்த ஆட்டம். அதை விரும்பி ஆடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பழைய குகைகளைப் புதிதாக எழுதினாலொழிய அதில் ஆட முடியாது. பழைய பாத்திரத்தை மாற்றுவதற்குப் பதில் புதிதாகத் தொடங்குவதே நல்லது என்று நிறுவனமே சொன்னது.

அதே நேரத்தில் பைசோ என்ற சிறு நிறுவனம் வேறு வழியில் போனது. 3.5 விதிகளைத் திறந்த உரிமத்தின்கீழ் எடுத்து, செப்பனிட்டு, 2009 ஆகஸ்டில் ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் வெளியிட்டது. வாசகர்கள் அதற்கு ‘3.75’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பெயர் தக்கவைத்த நூலில் ஆட்டம் மாறிவிட்டது. பெயர் மாறிய நூலில் ஆட்டம் நிலைத்தது. எண்ணையும் பெயரையும் மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு ஆண்டுகளின் கதை புரியவே புரியாது.

அடுத்த பதிப்புக்கான வேலை 2012இல் ஊரறியத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்த முதல் சோதனைத் தொகுப்பில் விதிகளோடு ஒரு சாகசமும் இருந்தது. அது அந்தப் பழைய பள்ளத்தாக்கின் குகைகள்தான். நாங்கள் எழுதியது அதே ஆட்டமா என்று தெரிந்துகொள்ள, மூன்று தலைமுறைக்கு முந்தைய சாகசத்தை உரைகல்லாக நிறுவனமே எடுத்து வைத்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தபோது கோபால்டு 5 அடி மட்டுமே தாங்கும் பழைய கோபால்டாகத் திரும்பியிருந்தது.

எண் பெருகியும் மாறாத ஆட்டம்

ஒரு நிறுவனத்தின் கதையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. 1981இல் சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுலு’வைப் பாருங்கள். ஆறாம் பதிப்பு வரை எண் ஏறிக்கொண்டே போனது, விதிகளின் எலும்பு மாறவில்லை. 2014இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் கொஞ்சம் பெரிய மாற்றம். முன்பு வலிமை 12 என்று இருந்தால் இப்போது அதை ஐந்தால் பெருக்கி 60 என்று எழுத வேண்டும். 1984இல் வந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்’ என்ற நெடுஞ்சாகசத்தை, ஒரு பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர் இன்றைய விதியில் ஆடிவிடலாம்.

எண் இல்லாத பதிப்பு

இனி 2024க்கு வருவோம். திறமைப் புள்ளிகளின் கூடுதல் இப்போது பிறந்த இனத்திலிருந்து வருவதில்லை, பாத்திரத்தின் முன்வாழ்க்கையிலிருந்து வருகிறது. ஆயுதங்களுக்குத் தனித் தேர்ச்சிகள் வந்தன. மந்திரங்கள் பல திருத்தப்பட்டன. ஆனாலும் 2014இன் சாகசங்கள் அப்படியே ஓடுகின்றன. நிறுவனம் கொடுத்த வாக்கும் அதுதான்.

ஆனால் அந்த 2024 ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவத்தை விட்டுவிட முடியாது. டி அண்ட் டி பியாண்ட் என்பது இந்த ஆட்டத்தின் இணைய நூலகம். பாத்திரங்களை அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதிய வடிவம் வந்துவிடும், பழையது வேண்டுமென்றால் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு பெருகியது. சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. பழைய மந்திரங்கள் அப்படியே இருக்கும் என்று உறுதி தந்தது.

பதிப்பு எண் ஏன் முக்கியம் என்பது இங்கே தெரிகிறது. அச்சிட்ட புத்தகத்தை யாரும் இரவோடு இரவாக மாற்ற முடியாது. திரையில் உள்ள புத்தகத்தை மாற்றலாம். எண் என்பது வாசகருக்கு வெளியீட்டாளர் தரும் உறுதிமொழி: நீ வாங்கியது இது, இதன் பின் வருவது வேறு. அந்த எண்ணைச் சொல்லத் தயங்கினால், எது எப்போது மாறியது என்று கேட்கும் உரிமையும் வாசகரிடமிருந்து நழுவிப்போகும். ஆட்டக்காரர்கள் ‘5.5’ என்று தாங்களாகவே எழுதிக்கொண்டதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தங்கள் அலமாரியை அவர்கள் தாங்களே காத்துக்கொண்டார்கள்.

என் கணக்கு இதுதான். பழைய சாகச ஏட்டை எடுத்துப் புதிய நூலோடு அன்றிரவே ஆட முடிந்தால், அது அதே பதிப்பு. பென்சிலோடு உட்கார்ந்து மாற்றிக்கொண்டால் ஆட முடியும் என்றால், புதிய பதிப்பு. முழுக்கத் திரும்ப எழுதினால்தான் முடியும் என்றால், அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் அது வேறு ஆட்டம். இந்த அளவுகோலை வைத்தால் 1974 முதல் 1999 வரை வந்தவை எல்லாம் ஒரே குடும்பம். 2000த்தில் தொடங்கியது இரண்டாவது, பாத்ஃபைண்டரும் அதன் பிள்ளைதான். 2008 தனி ஆட்டம். 2014இல் தொடங்கியது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, 2024 அதன் திருத்திய வடிவம். நிறுவனத்தின் எண்கள் விற்பனைக்காகவும் வழக்குக்காகவும் பீதிக்காகவும் ஏறி இறங்கியிருக்கின்றன. மேசையில் அமர்ந்து ஆடியவர்களின் எண் அப்படிப் புரளவில்லை. வரலாறு எழுதுபவர் நம்ப வேண்டியது அவர்களின் எண்ணைத்தான்.

பைசோ ஒரு பெரிய நிறுவனத்தின் விதிகளை எடுத்துச் சட்டப்படி தன் நூலாக வெளியிட முடிந்தது எப்படி? 2000இல் ரையன் டான்சி முன்னின்று கொண்டுவந்த திறந்த உரிமம், அதை மாற்ற முயன்று 2023 ஜனவரியில் எழுந்த பெரும் கொந்தளிப்பு, அதன் முடிவில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எல்லாருக்கும் பொதுவான கதை – அடுத்த இதழில்.